கடலின் நோய்க்குக் கடலிலேயே மருந்து

தீபாவளியோ நோன்புப் பெருநாளோ, நம் நாட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் பச்சையும் சிவப்புமாக வெட்டி அடுக்கிய அகார்-அகாருக்கு எப்போதும் ஒரு தட்டு உண்டு. நம்மவர்களில் பலர், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தினர், அதைக் கடற்பாசி என்றே சொல்வார்கள். நாம் சாப்பிடுவது கடலில் விளைந்த பொருள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

அடுத்த முறை ஐஸ்கிரீம் பெட்டியையோ சாக்லெட் பால் பொட்டலத்தையோ பற்பசைக் குழாயையோ கையில் எடுக்கும்போது, அதன் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கராகீனன் என்றோ இ407 என்றோ ஒரு குறிப்பு இருக்கக்கூடும். அதுவும் கடற்பாசியிலிருந்து வந்ததுதான். அகார் தரும் பாசி ஒரு வகை, கராகீனன் தரும் பாசி வேறு வகை. இரண்டுமே செம்பாசிகள். கராகீனன் தரும் பாசியைத்தான் சபாவின் கடலோர மக்கள் பயிரிடுகிறார்கள். மலேசியாவில் கடற்பாசியைத் தொழிலாகப் பெருமளவில் பயிரிடும் மாநிலம் சபா ஒன்றே.

அந்தப் பயிருக்கு நோய் வருகிறது. அந்த நோயை எதிர்க்கும் கருவி கடலில் வாழும் பாக்டீரியாக்களிடமே இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். தேர்வுக்காக நாம் மனனம் செய்யும் ஒரு பாடம், கடலோரக் குடும்பம் ஒன்றின் சோற்றுப் பானையோடு எவ்வாறு இணைகிறது என்பதைப் பற்றி இன்று மாணவர்களுடன் பேச விரும்புகிறோம்.

கயிற்றில் கட்டிய தோட்டம்

செம்பொர்ணா, குனாக், லகாட் டத்து, குடாட் வட்டாரங்களில் ஆழம் குறைந்த கடலில் நீண்ட கயிறுகளைக் கட்டியிருப்பார்கள். காலிப் பிளாஸ்டிக் போத்தல்கள் மிதவைகளாகத் தொங்கும். கயிறு நெடுகிலும் சிறு இடைவெளி விட்டுப் பாசித் துண்டுகளை முடிந்துவிடுவார்கள். காப்பாஃபைக்கஸ் என்பது அந்தப் பாசியின் அறிவியல் பெயர். உரம் வேண்டாம், நிலம் வேண்டாம், நன்னீரும் வேண்டாம். சுமார் 45 நாள்களில் அறுவடை செய்து, மேடைகளில் பரப்பி, வெயிலில் காயவைத்து விற்கலாம். பஜாவ், சூலுக் சமூகங்களைச் சேர்ந்த பல குடும்பங்களுக்கு இதுவே வருமானம். நாற்று முடியும் வேலையில் பெண்களின் கைகளே அதிகம்.

இந்தப் பயிர்த்தொழில் அவ்வளவு பழமையானது அல்ல. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி என்ற பாசியியல் அறிஞர், 1960களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸின் தென்கடலில் இதைப் பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கினார். 1970களின் இறுதியில் அது செம்பொர்ணாவுக்கு வந்தது. பின்னர் இதே பாசி தமிழ்நாட்டில் மண்டபம், இராமேசுவரம் பகுதிகளுக்கும் சென்று, அங்குள்ள மீனவப் பெண்களின் தொழிலாயிற்று.

எங்கும் இதற்கு விதை கிடையாது. நன்றாக வளர்ந்த பாசியிலிருந்து ஒரு துண்டை ஒடித்து மறுபடியும் கட்டுவதுதான் நடவு. தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டால், ரப்பர்க் கன்றுகளில் ஒட்டுக் கட்டியதையும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகத்தையும் பற்றிச் சொல்வார்கள். ஒரே தாய்மரத்தின் நகல்களாக ஆயிரக்கணக்கான மரங்கள் நின்றன. கடற்பாசியிலும் அதே கதைதான். ஒடித்து ஒடித்து நட்டதால், பல தீவுகளில் வளர்வது ஏறக்குறைய ஒரே மரபுவழி. ஒரு செடியை வீழ்த்தும் நோய்க்குப் பக்கத்துச் செடியும் எளிதில் பணிந்துவிடும்.

2012ஆம் ஆண்டில் மலேசியாவின் கடற்பாசி உற்பத்தி, ஈர எடையில் 3 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. அதன் பின்னர் அது 2 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. விலை ஏற்ற இறக்கம், ஆள் பற்றாக்குறை, பருவநிலை மாற்றம் எனக் காரணங்கள் பல. நோயும் அவற்றில் முக்கியமான ஒன்று.

பனிக்கட்டி போல் வெளுக்கும் கிளை

அந்த நோய்க்கு ஐஸ்-ஐஸ் என்று பெயர். ஏதோ குளிர்பானத்தின் பெயர் போல இருக்கிறது அல்லவா? பாசியின் கிளை நிறமிழந்து, பனிக்கட்டியைப் போல் வெளுத்து, மெல்ல இளகி, அலையடித்ததும் முறிந்து போய்விடும். அதைக் கண்ட பிலிப்பைன்ஸ் விவசாயிகள் வைத்த பெயர் இது. 1974ஆம் ஆண்டிலேயே அங்கு இந்நோய் பதிவாகியிருக்கிறது.

நோயின் வேர் இரண்டு. முதலாவது, பாசியின் தளர்ச்சி. கடல் நீர் அதிகமாகச் சூடேறினால், மழையில் உப்புத்தன்மை குறைந்தால், வெளிச்சம் போதாமல் போனால் பாசி சோர்ந்துவிடும். இரண்டாவது, பாக்டீரியா. பாசியின் மேற்பரப்பில் எப்போதும் குடியிருக்கும் நுண்ணுயிர்களில் சில, அது சோர்ந்த நேரம் பார்த்துப் பெருகுகின்றன. விப்ரியோ இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவும் சைட்டோஃபாகா வகைப் பாக்டீரியாவும் இந்நோயோடு தொடர்புடையவை என்று 1990களில் செய்த ஆய்வுகள் காட்டின.

இன்னொரு தொல்லை, மயிரிழை போன்ற ஒட்டுப்பாசிகள். அவை காப்பாஃபைக்கஸின் தோலைத் துளைத்து உள்ளே வேரூன்றும். துளைத்த இடத்தில் பாக்டீரியா புகும். சபாவில் இந்த ஒட்டுப்பாசிகள் எந்தெந்த மாதங்களில் பெருகுகின்றன என்பதை ஆராய்ந்து 2006இல் கட்டுரை வெளியிட்டவர், மலேசிய சபா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் வைரப்பன். இத்துறையில் உலகம் எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வயலில் நோய் வந்தால் மருந்து தெளிக்கலாம். கடலில் எங்கே தெளிப்பது? தெளித்த மருந்தை அடுத்த அலை அள்ளிச் செல்லும். அது பவளப்பாறைக்கும் மீன்குஞ்சுக்கும் போய்ச் சேரும். எதிருயிரி மருந்துகளைக் கொட்டினால், அவற்றுக்குப் பணியாத பாக்டீரியாக்களை நாமே வளர்த்துவிடுவோம். அதனால்தான் அறிவியலாளர்களின் பார்வை நொதிகளின் பக்கம் திரும்பியிருக்கிறது.

அன்னாசிப் பழம் சொல்லும் பாடம்

நொதி, அதாவது என்சைம், உயிரணுக்கள் உருவாக்கும் ஒரு புரதம். அது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும். எச்சிலில் உள்ள அமிலேஸ் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைப்பதை அயோடின் சொட்டு விட்டுச் சோதித்த மாணவர்கள் பலர் இருப்பீர்கள். ஒவ்வொரு நொதியும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டுமே உடைக்கும். பாடநூல் இதைப் பூட்டும் சாவியும் என்று விளக்குகிறது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஜெலட்டின் கரைசலில் பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், அது உறையாது. அகார்-அகாரில் அதே துண்டுகளைப் போட்டால் உறைந்துவிடும். காரணம் என்ன? அன்னாசியில் புரொமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். ஜெலட்டின் புரதம், ஆகவே வெட்டுப்படுகிறது. அகார் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. புரொமிலைனின் சாவி அந்தப் பூட்டுக்குப் பொருந்தாது. அம்மா சமையலறையில் செய்யும் பலகாரத்திலேயே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

இப்போது இந்தப் பாடத்தைக் கடலுக்குக் கொண்டு செல்வோம். ஜப்பானியர் சுஷியில் சுற்றும் கறுப்பு நிறத் தாள் நோரி. அதுவும் பயிரிடப்படும் கடற்பாசிதான். ஜப்பானின் அரியாகே கடலில் அது வலைகளில் வளர்கிறது. அந்தப் பயிரைச் சிவப்பு அழுகல் என்ற நோய் தாக்கும். நோய்க்கிருமியின் பெயர் பித்தியம் போர்ஃபைரே. பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும் அது பூஞ்சை அல்ல. ஊமைசீட் என்ற வேறொரு வகையைச் சேர்ந்தது. விவசாயிகள் வலைகளை நீருக்கு மேலே தூக்கிக் காயவிடுகிறார்கள். கரிம அமிலக் கரைசலில் வலைகளை முக்கியெடுப்பதும் உண்டு. அமிலம் பலன் தருகிறது. ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் அமிலத்தைக் கடலுக்குக் கொண்டு போவது குறித்த கவலையும் இருக்கிறது.

பித்தியத்தின் செல்சுவர் எதனால் ஆனது தெரியுமா? பெரும்பாலும் பீட்டா குளுக்கன், செல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகளால். நோரியின் இலைப்பகுதியின் செல்சுவரோ சைலன், மேனன், போர்ஃபைரன் என்ற வேறு சங்கிலிகளால் ஆனது. இரண்டு வீடுகள், இரண்டு வகைப் பூட்டு. குளுக்கனை மட்டும் வெட்டும் நொதி ஒன்று கிடைத்தால், அது கிருமியின் சுவரை இடிக்கும். பயிரின் சுவரைத் தொடாது. இந்தத் தேடலின் அடிப்படை இவ்வளவுதான்.

இது வெறும் கற்பனை அல்ல. நிலத்துப் பயிர்களில் இதற்குச் சான்று இருக்கிறது. லைசோபாக்டர் என்சைமோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியா, பீட்டா குளுக்கனை வெட்டும் நொதிகளைச் சுரக்கிறது. அந்த நொதிகளுக்கான மரபணுக்களை முடக்கியபோது, சர்க்கரைக் கிழங்கு நாற்றுகளைப் பித்தியத்திடமிருந்து காக்கும் அதன் ஆற்றல் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. நோரியைப் பொறுத்தவரை, ஸ்ட்ரெப்டோமைசெஸ் இனத்தைச் சேர்ந்த கடல் பாக்டீரியா ஒன்று சுரக்கும் புரதம் பித்தியம் போர்ஃபைரேயைக் குறிவைத்துத் தாக்குவதை 2000களின் தொடக்கத்தில் ஜப்பானில் நடந்த ஆய்வுகள் கண்டறிந்தன.

நம் கண்ணீரிலேயே இத்தகைய காவலன் ஒருவன் இருக்கிறான். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1922இல், லைசோசைம் என்ற நொதியை உலகுக்கு அறிவித்தார். பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும் அது நம் கண்ணீரிலும் எச்சிலிலும் மூக்குச் சளியிலும் இருக்கிறது. தினமும் நம் கண்ணைக் காப்பாற்றும் அதே உத்தியைத்தான் கடலில் தேடுகிறார்கள்.

கத்தியைக் கொல்லாமல் பேச்சை நிறுத்துதல்

கிருமியைக் கொல்லாமலே அதை அடக்கும் வழியும் இருக்கிறது. பல பாக்டீரியாக்கள் தனியாக இருக்கும்போது தாக்குவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சமிக்ஞை மூலக்கூறை வெளியிடும். கூட்டம் சேரச் சேர அந்த மூலக்கூறின் அளவு கூடும். போதிய அளவு கூடியதும், எல்லாம் ஒரே நேரத்தில் தாக்குதலைத் தொடங்கும்.

அந்தச் சமிக்ஞையை உடைக்கும் ஒரு நொதி, பாசில்லஸ் என்ற பாக்டீரியாவில் இருப்பதை 2000ஆம் ஆண்டில் அறிவித்தவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள், சிங்கப்பூர் ஆய்வாளர்கள். 2001இல், அந்த நொதியைச் சுரக்கும்படி மரபணு மாற்றிய செடிகள் மென்னழுகல் நோயை எதிர்த்து நின்றதைக் காட்டினார்கள். கிருமி இருந்தது, ஆனால் அதற்குத் தன் கூட்டத்தைக் கூப்பிட முடியவில்லை. விப்ரியோ பாக்டீரியாக்களும் இப்படிப் பேசிக்கொள்பவை என்பதால், மீன், இறால், கடற்பாசி வளர்ப்பில் ஈடுபட்டோரும் இவ்வழியைக் கவனிக்கிறார்கள்.

எச்சரிக்கையும் வேண்டும்

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். ஐஸ்-ஐஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் ஆயுதமும் நொதிதான். அவற்றில் சில கராகீனனேஸ் என்ற நொதியைச் சுரந்து, பாசியின் உடலில் உள்ள கராகீனனையே வெட்டித் தின்கின்றன. கடல் பாக்டீரியாக்கள் பாசியைத் தின்னப் பழகியது இன்று நேற்றல்ல. நோரியின் போர்ஃபைரனை வெட்டும் நொதிக்கான மரபணு, கடல் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானியரின் குடலில் வாழும் பாக்டீரியாவுக்கே இடம் மாறியிருப்பதை 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக நோரி சாப்பிட்டதன் பலன் அது.

ஆகவே, பாக்டீரியா நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. கத்தி காய்கறியும் நறுக்கும், கையையும் வெட்டும். நல்ல பாக்டீரியா என்று நினைத்து எதையோ கடலில் விட்டால், அது பயிரையே தின்னவும் கூடும். நொதியைச் சுரக்கும் பாக்டீரியாவுக்கு வேறு என்னென்ன நொதிகள் இருக்கின்றன, அது மீனுக்கும் மனிதருக்கும் தீங்கு செய்யுமா என்பதையெல்லாம் சோதித்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வேலை செய்யும் நொதி, அலையடிக்கும் கடலில் வேலை செய்யும் என்பதற்கும் உறுதி இல்லை. அது கரைந்து போகலாம். உப்பிலும் வெப்பத்திலும் உருக்குலைந்து போகலாம். வெப்பநிலையும் பி.எச். மதிப்பும் நொதியின் வேகத்தை எவ்வாறு மாற்றும் என்று படிவம் 4 மாணவர்கள் வரைபடம் வரைகிறார்களே, அந்த வரைபடம்தான் செம்பொர்ணாவில் ஒரு மருந்து பலிக்குமா பலிக்காதா என்பதைத் தீர்மானிக்கும். கடல் பாக்டீரியாவிடமிருந்து பெறும் நொதிகளை ஆய்வாளர்கள் விரும்புவதும் இதனால்தான். அவை உப்பு நீரிலேயே பிறந்து பழகியவை.

செம்பொர்ணா விவசாயி கடைக்குச் சென்று வாங்கும் நிலையில் இத்தகைய நொதி மருந்து இன்று இல்லை. நடைமுறைக்கு வருமானால், கடலில் ஊற்றும் மருந்தாக அல்லாமல், நடவுக்கு முன் நாற்றுகளைத் தொட்டியில் முக்கியெடுக்கும் முறையாக வருவதே பொருத்தம். இதற்கு முன்னோடியும் உண்டு. அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசியின் சாற்றில் நாற்றை நனைத்துக் கட்டினால் ஒட்டுப்பாசித் தொல்லை குறைகிறது என்று பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலேசிய சபா பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற நாற்றுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. தூய நாற்று, தூய கயிறு, நோயுற்ற கிளையை உடனே அகற்றுதல், நோயுள்ள இடத்திலிருந்து நாற்று வாங்காமை ஆகியவை இன்றே செய்யக்கூடியவை. நொதி வந்தாலும் இவற்றுக்குத் துணையாகத்தான் வர முடியும்.

இதில் அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஆய்வின் பலன் பெரிய நிறுவனங்களின் பண்ணையோடு நின்றுவிடக் கூடாது. பத்துக் கயிறு கட்டி வாழும் குடும்பத்துக்கும் தூய நாற்று நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். நோயைப் பற்றிய தகவல் அவர்களுக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர வேண்டும். பலமுறை பயிர் இழந்த விவசாயி தொழிலையே விட்டுவிட்ட பிறகு, கண்டுபிடிப்பு யாருக்குப் பயன்படும்?

மாணவர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டில் அறிவியல் பிரிவில் 60 விழுக்காட்டு மாணவர்கள் படிக்க வேண்டும் என்ற இலக்கு அரை நூற்றாண்டுப் பழமையானது, இன்னும் எட்டப்படவில்லை. உயிரியல் படித்தால் மருத்துவராகலாம், இல்லையென்றால் வேறு வழியில்லை என்ற எண்ணம் நம் பெற்றோர் பலரிடம் இருக்கிறது. மருத்துவம் சிறந்த துறை, ஐயமில்லை. ஆனால் நோயாளி எப்போதும் மனிதராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பயிரும் நோயாளி, கடலும் நோயாளி. நுண்ணுயிரியல், உயிரி வேதியியல், கடலறிவியல், மீன்வளம் எனப் பல துறைகள் ஆள் தேடி நிற்கின்றன. அவற்றின் ஆய்வுக்கூடங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன.

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கங்களோடு திரும்பும் செய்தி நமக்குப் புதிதல்ல. பதக்கம் வாங்கிய கை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறதே என்பதுதான் நம் கவலை. ஆசிரியர்கள் அன்னாசியையும் அகார்-அகாரையும் வகுப்பறைக்குக் கொண்டு வரலாம். ஜெலட்டினை உறையவிடாத அன்னாசி அகாரை ஏன் தொடவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், விடையை உடனே சொல்லிவிட வேண்டாம். அந்தக் கேள்வியோடு சிறிது நேரம் இருக்க விடுங்கள். செம்பொர்ணாவில் வெளுத்துப் போன கிளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு விவசாயிக்குத் தேவைப்படும் விடையும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.